வெள்ளையன் குரலும் தேசியப் புத்தாக்க நிதியும்

அரசு அனுப்பிய மதிப்பீட்டுக் குழுவினர் கீழே நின்றுகொண்டு, "தயவுசெய்து இறங்கி வாருங்கள்" என்று வேண்ட, மரவள்ளிக் காட்டுப் பரணின்மேல் குந்தியபடி இறங்க மறுத்த கண்டுபிடிப்பாளர் இந்த நாட்டில் ஒருவர்தான் இருப்பார் என்று நம்புகிறேன். அவர் நான். தாம் உருவாக்கிய கருவியைக் கண்டு தாமே ஓடியவர்கள் உலகில் வேறு சிலரும் இருந்திருக்கலாம். ஆனால், அந்த ஓட்டம் அரசுக் கோப்பில் "செயல்விளக்கம்" என்னும் தலைப்பின்கீழ்ப் பதிவாகும் பேறு எனக்கு மட்டுமே வாய்த்தது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். சங்கராபுரம் கடைவீதியில் பம்புசெட் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை என்னுடையது. மோட்டார் பாய் என்றால் சுற்றுப்பட்டில் தெரியும். எட்டாம் வகுப்போடு கல்வி நின்றது. (நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை, பள்ளிக்கூடந்தான் என்னை விட்டது.) அதன் பிறகு கற்றவை யாவும் செய்தித்தாள், நூலகம், அரசு அலுவலக அறிவிப்புப் பலகை ஆகியவற்றிலிருந்து கற்றவை. ஆகவே, என் பேச்சில் "மேற்படி", "எனவே", "என்பது குறிப்பிடத்தக்கது" ஆகியவை சற்று மிகுதியாகவே வரும். ஒரு குவளைத் தண்ணீர் கேட்டாலும் மனு எழுதுவதைப்போலக் கேட்கிறேன் என்பது என் மனைவி ஜைத்தூனின் நெடுநாள் குற்றச்சாட்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாட்டின் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கையைப் பற்றி நாளேடு ஒன்றில் நீண்ட கட்டுரை வெளிவந்தது. ஆராய்ச்சிக்காக நாடு செலவிடும் நிதி பெரும்பாலும் பெருநகரங்களின் பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே சென்று சேர்கிறது. இனி வயலிலும் பட்டறையிலும் கண்டுபிடிப்போரையும் அது தேடிச் செல்ல வேண்டும். அவர்களிடம் பட்டம் கேட்கக் கூடாது, பயன் கேட்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அத்தகையோருக்கு "அடித்தளப் புத்தாக்குநர்" என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். அச்சொல்லைப் படித்தபோது, யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்கு முறை படித்தேன். நான்காம் முறை படித்து முடித்தபோது நான் காயில் கட்டுபவன் அல்லன். தேசம் தேடிக்கொண்டிருந்த ஆள்.

தேசத்திற்குக் கொடுக்க என்னிடம் ஒரு பொருளும் இருந்தது.

கல்வராயன் மலையில் மரவள்ளி பயிரிடுவோருக்குக் காட்டுப்பன்றியே முதல் எதிரி. சைரன் வைத்துப் பார்த்தார்கள். பன்றி ஒரு வாரம் பயந்தது. வண்ணப் புடவைகளை வேலியாகக் கட்டினார்கள்; மூன்றாம் நாள் புடவையோடு சேர்த்துக் கிழங்கையும் இழுத்துச் சென்றது. ஆனால், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வெள்ளையன் என்பவரின் மரவள்ளிக் காட்டுக்குள் மட்டும் பன்றி கால் வைப்பதில்லை. அங்கு மோட்டார் பழுது பார்க்கச் சென்ற நாளில் அதன் காரணத்தைக் கண்டறிந்தேன். வெள்ளையன் காவற்பரணில் அமர்ந்து பன்றியோடு பேசுவார். அதட்டுவார், இருமுவார், நலம் விசாரிப்பார், திட்டுவார். ஒரு முறை சொன்னதை அடுத்த முறை சொல்லமாட்டார். ஒரே ஒலியைப் பன்றி பழகிக்கொள்கிறது. அடுத்து என்ன சொல்வான் என்று தெரியாத மனிதனைப் பழகிக்கொள்ள முடிவதில்லை. இதுவே என் கண்டுபிடிப்பின் தத்துவம்.

அவர் குரலைப் பதிவு செய்து ஒரு பெட்டிக்குள் வைத்தேன். உடற்சூடுள்ள எதுவும் அருகில் அசைந்தால் சென்சார் அறியும். பெட்டி தன்னிடமுள்ள பேச்சுத் துண்டுகளில் ஏதாவது ஒன்றைப் பேசும். எது வரும் என்பது பெட்டிக்கே தெரியாது.

பதிவு செய்த நாளில் ஒலிவாங்கியை நீட்டியதும் வெள்ளையன் அதை முகர்ந்து பார்த்தார்.

"இன்னா பாய், இந்தக் குச்சிகிட்ட பேசணுமா?"

"ஆம். பன்றியிடம் பேசுவதைப்போலவே பேசுங்கள்."

"பன்னிகிட்ட பேசுற மாதிரின்னா, உன்கிட்ட பேசுற மாதிரிதான். ரெண்டுக்கும் சொன்னா ஏறாது."

பேசினார். மதியம்வரை பேசினார். ஒரே ஓர் இடையூறு மட்டும் இருந்தது. இடையிடையே அவர் "ஓஓஓய்" என்று நீளமாக ஒரு குரல் கொடுப்பார். உடனே எதிர்ச் சரிவிலிருந்து ஒரு "ஓஓய்", பள்ளத்திலிருந்து ஒரு "ஓஓய்" என்று பதில் வரும். எல்லாப் பதிலும் வந்து சேரும்வரை வெள்ளையன் வேறொன்றும் பேசமாட்டார். எந்தக் காட்டிலிருந்து குரல் எழுந்தாலும் மற்றக் காடுகள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது அந்தச் சரிவின் வழக்கம். காவலில் இருப்பவர் விழித்திருக்கிறார், பாம்பு தீண்டவில்லை, பரணிலிருந்து விழவில்லை என்பதெல்லாம் அந்தப் பதிலில் அடங்கும். நானோ அந்தப் பதில் குரல்களை "இரைச்சல்" என்று வகைப்படுத்தி வெட்டி எறிந்தேன். கூப்பிடும் குரலை மட்டும் வைத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகத் துல்லியமான தவறு அது.

விண்ணப்பப் படிவம் கனமாக இருந்தது. "தொழில்நுட்பத் தயார்நிலை" என்ற கட்டத்தில் ஒன்று முதல் ஒன்பதுவரை ஓர் எண் இட வேண்டும். எண்ணம் தலைக்குள் மட்டும் இருந்தால் ஒன்று. மக்கள் கையில் புழங்கினால் ஒன்பது. அடக்கம் கருதி ஏழு என்று எழுதினேன். இன்னொரு கட்டம்: பிறருடைய அறிவோ திறமையோ கருவியில் பயன்பட்டிருந்தால், அவர் களஆய்வின்போது குழுவின்முன் நேரில் வந்து இசைவு தெரிவிக்க வேண்டும், பயனில் அவருக்கும் பங்கு உண்டு. நியாயமான விதி. வெள்ளையனிடம் விளக்கினேன். "டெல்லிக்காரன் வந்தா நான் இங்கதான் ஒக்காந்துக்கினு இருப்பேன், வரச் சொல்லு" என்றார்.

டெல்லிக்காரர் உடனே வரவில்லை. முன்னுரிமைகள் மாறின, குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டன, கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குச் சென்றது. இரண்டு மழைக்காலங்கள் கடந்தன. அதற்குள் நான் கடைவீதி முழுவதற்கும் செய்தியைச் சொல்லி முடித்திருந்தேன். பெயர்ப்பலகை எழுதுபவரிடம் "தேசியப் புத்தாக்குநர்" என்று எழுத எத்தனை அடி தேவைப்படும் என்றும் விசாரித்திருந்தேன். ஆக, களஆய்வுக் கடிதம் வந்தபோது பணயமாக இருந்தது நிதி மட்டுமன்று. சங்கராபுரம் கடைவீதியில் தலைநிமிர்ந்து நடக்கும் என் உரிமையும்தான்.

ஆய்வுக்கு முதல் நாள் பெட்டியைச் சுமந்துகொண்டு மலையேறினேன். வெள்ளையன் வீட்டு வாசலில் அவர் மனைவி குப்பாயி கிழங்குச் சில்லு காய வைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளையன் எங்கே?" என்றேன்.

"அவரு செத்துப்போயி நாலு மாசம் ஆவுது பாய். நெஞ்சு வலிக்குதுன்னாரு. கீழ எறக்கிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி." சில்லைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார். "உனக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நிமிடம் நான் உண்மையாகவே வருந்தினேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அடுத்த நிமிடத்தைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை.

"அது இன்னா பொட்டி?" என்று குப்பாயி கேட்டார்.

"பன்றியை விரட்டும் கருவி."

"இன்னா பண்ணும்?"

உங்கள் கணவரின் குரலில் பேசும் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். விண்ணப்ப எண் நினைவுக்கு வந்தது. "ஓசை எழுப்பும்" என்றேன். அது பொய்யன்று. உண்மையும் அன்று. அரசுப் படிவங்களை நிரப்பி நிரப்பி அத்தகைய வாக்கியங்களில் எனக்குத் தேர்ச்சி ஏற்பட்டிருந்தது. பரணுக்கு அருகில் மூங்கிற்கம்பம் நட்டு, பெட்டியை அதில் கட்டி, ஒலியை முழுவதும் குறைத்து, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மட்டும் சோதித்துவிட்டு மலையிறங்கினேன். இறங்கும் வழியெல்லாம் மறுநாளுக்குரிய பொய்யைத் தயாரித்தேன். (அந்தப் பொய்யின் தயார்நிலை ஒன்பது.)

மறுநாள் காலை பத்து மணி. வடக்கனந்தலைத் தாண்டி மலைச்சாலை ஏற ஏற, குழுவினர் வந்த ஜீப்பைப் பனி விழுங்கத் தொடங்கியது. வெள்ளிமலைக்கு மேல் விளக்கைப் போட்டும் பயனில்லை. ஓட்டுநர் சாலையை நினைவில் வைத்து ஓட்டினார். குழுவில் இருவர். ஒருவர் சென்னையிலிருந்து வந்த விஞ்ஞானி அம்மையார். மற்றவர் டெல்லி அதிகாரி. சற்றுப் பருமனானவர், தமிழ் அறியாதவர், கோப்பை மார்போடு அணைத்திருந்தார்.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் நான் முன்னால் ஓடிப் பெட்டியின் ஒலியைக் கூட்டிவிட்டு, சென்சாரின் பார்வையில் படாமல் தவழ்ந்தபடி திரும்பி வந்து அவர்களை வரப்பின் வழியே அழைத்துச் சென்றேன். கையை நீட்டினால் மணிக்கட்டுவரைதான் தெரிந்தது. மரவள்ளி இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை.

பனிக்குள் ஒருவர் இருமினார்.

அம்மையார் நின்றார். இருமிய குரல் கேட்டது: "யாரு?"

"நாங்க சென்னைலேர்ந்து வர்றோம்" என்றார் அம்மையார், காவல்காரர் என்று எண்ணி.

"எத்தினி பேருடா வந்திருக்கீங்க? குடும்பத்தோட வந்துட்டீங்களா?"

"இல்ல, மூணு பேர்தான்."

அதிகாரி ஓர் அடி முன்னால் வைத்தார்.

"தின்னு தின்னு ஒடம்பு எப்படி வளந்திருக்கு பாரு."

என்ன சொல்கிறார் என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். நம்மை வரவேற்கிறார் என்று அம்மையார் விளக்கினார். அதிகாரி பனியை நோக்கிக் கைகூப்பினார்.

நான் மிகுந்த அடக்கத்தோடு, "அம்மா, அங்கே ஆள் இல்லை. அதுதான் கருவி" என்றேன்.

அம்மையாரின் முகம் மலர்ந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. பெட்டியருகே சென்று பார்த்தார், கையை அசைத்துப் பேச வைத்தார், சிரித்தார். "ரொம்ப நல்லாருக்கு, பாய். நான் பதில் சொல்லிட்டேனே" என்றார். அதிகாரி கோப்பைத் திறந்து எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஏழை அடித்துவிட்டு எட்டு என்று எழுதியிருந்தார்.

என் வாழ்வின் உச்சம் அந்த அரை நிமிடம். அதன் முடிவில் பெட்டி நீளமாகக் குரல் கொடுத்தது.

"ஓஓஓஓய்..."

எதிர்ச் சரிவிலிருந்து ஒரு குரல் "ஓஓய்" என்றது. பள்ளத்திலிருந்து ஒன்று. எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒன்று. பனிக்குள் ஆள் தெரியவில்லை. நான்கு திசையிலும் பதில் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசிப் பதில் "ஓஓ" என்று தொடங்கிப் பாதியில் அறுந்தது.

யாருடைய குரலுக்குப் பதில் சொன்னோம் என்று மற்றக் காட்டுக்காரர்கள் உணர்ந்த நொடி அது. அதன்பின் சரிவு முழுவதும் அடங்கியது. அப்படி ஓர் அமைதியை நான் மசூதியிலும் கேட்டதில்லை. பிறகு காலடி ஓசைகள். பல வரப்புகளிலிருந்து, பேச்சின்றி, அவசரமின்றி, எங்களை நோக்கி. பனியின் விளிம்பில் உருவங்கள் வந்து நின்றன. ஒருவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்கள்.

"இவங்கல்லாம் யாரு?" என்று அம்மையார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பக்கத்துக் காட்டுக்காரர்கள். அறிவியல் ஆர்வலர்கள்" என்றேன்.

அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அம்மையார் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குரல் குடுத்தவர் வெள்ளையன்னு போட்டிருக்கு. அவர் நேர்ல சம்மதம் சொல்லணும். எங்க அவர்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கையை வீசி, தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "மேற்படி வெள்ளையன், வடக்கனந்தலில் மகள் வீட்டு விசேஷத்திற்குச் சென்றிருக்கிறார்."

பெட்டிக்குள் சிறிய கிளிக் ஓசை.

"பொய் சொல்லாத பாய்" என்றார் வெள்ளையன்.

இதற்குரிய விளக்கம் அன்று மாலை வீட்டில்தான் நினைவுக்கு வந்தது. பதிவின்போது, உங்கள் குரல் டெல்லிவரை போகும் என்று நான் சொன்னதற்கு அவர் சிரித்துச் சொன்ன பதில் அது. பேச்சைத் துண்டாக்கும் வேலையைக் கணினியிடம் விட்டிருந்தேன். எல்லாத் துண்டுகளையும் கேட்டுப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. கையை வீசினேன், சென்சார் அறிந்தது, அந்தத் துண்டு வந்தது. அவ்வளவுதான். ஆனால், இறந்தவர் பெயர் சொல்லி அதட்டும்போது சென்சாரின் செயல்முறை யாருக்கும் நினைவில் நிற்காது.

ஓடினேன். எந்தப் பக்கம் ஓடினாலும் பனியும் உருவங்களும். ஓடுவதற்கு மிச்சமிருந்த ஒரே திசை மேலேதான். மோட்டார் தூக்கித் தேய்ந்த என் முழங்கால்கள் அந்தப் பரணை எப்படி ஏறின என்பது எனக்குப் புலப்படவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அடுத்த உண்மை உறைத்தது. பரணில் காவல்காரர் தூங்கிப் புரண்டாலும் பெட்டி எழுப்ப வேண்டும் என்பதற்காக, பரணும் சென்சாரின் பார்வைக்குள் வரும்படி கம்பத்தை நட்டவன் நானே.

காலை மாற்றினேன்.

"அசையாத. அசைஞ்ச, கல்லு பறக்கும்."

அசையவில்லை. தெரிந்த துஆக்களையெல்லாம் ஓதினேன். பதற்றத்தில் முதலில் வாயில் வந்தது உணவுக்கு முன் ஓதுவது.

"சார், ஒண்ணும் இல்ல. தயவுசெஞ்சு இறங்கி வாங்க" என்றார் அம்மையார், கீழே நின்று.

தலையை மட்டும் மறுத்து ஆட்டினேன்.

"அங்கயே நில்லு, வர்றேன்" என்றது பெட்டி.

துண்டைக் கையில் பிடித்திருந்தவர் பக்கத்துக் காட்டுச் சடையன். அவர்தான் முன்னால் வந்து அம்மையாரிடம் சொன்னார்: "அது வெள்ளையன் கொரலுங்க. எங்க பங்காளி. அவரு செத்து நாலு மாசம் ஆவுது."

அம்மையார் அண்ணாந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அது கோபம் அன்று. தேர்வில் நன்றாக எழுதிக்கொண்டிருந்தவன் மடியில் துண்டுச்சீட்டைக் கண்ட ஆசிரியரின் முகம். அதிகாரிக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அதிகாரி பெட்டியை ஒரு முறையும் தாம் கைகூப்பிய திசையை ஒரு முறையும் பார்த்துவிட்டு, கோப்பை மூடி, ஜீப்பை நோக்கி நடந்தார். நடை வேகமாகவே இருந்தது. அம்மையாரும் பின்தொடர்ந்தார். சடையனும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பனிக்குள் கரைந்தார்கள்.

நான் மேலே. வெள்ளையன் கம்பத்தில். நடுவில் வேறு யாரும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் குப்பாயி வந்திருப்பதைக் கண்டேன். எப்போது வந்தார் என்று தெரியவில்லை; வரும்போது பெட்டி பேசியதா என்பதும் நினைவில்லை. வரப்பில் உட்கார்ந்து கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழங்கு மாவு படிந்த கைகள் மடியில் இருந்தன.

அப்போது அவருக்குப் பின்னால் இலைகள் அசைந்தன. ஒரு பெரிய பன்றி, அதன் பின்னால் மூன்று சிறியவை. பட்டப்பகலில், பனியின் துணிச்சலில், காட்டிற்குள் இறங்கி மூக்கால் மண்ணைக் கிளறின.

"யாரு?" என்றது பெட்டி.

பெரிய பன்றி தலையை உயர்த்தியது. காதுகள் நிமிர்ந்தன.

"குடும்பத்தோட வந்துட்டீங்களா?"

அடுத்த நொடி அங்கே கிளறிய மண் மட்டும் இருந்தது. சரிவில் கல் உருளும் ஓசை கேட்டு ஓய்ந்தது.

குப்பாயி திரும்பிக் கிளறிய மண்ணைப் பார்த்தார். பிறகு, "அவரு செத்தது பன்னிக்குக்கூட தெரியல" என்றார். "தெரிஞ்ச நாங்க இன்னா பண்றது பாய்?" என்றார்.

பரணை நிமிர்ந்து பார்த்தார்.

"எறங்கு. எத்தினி நேரம் குந்திக்கினு இருப்ப?"

"அசைந்தால் பேசுகிறாரே" என்றேன். என் வாயிலிருந்து அன்று வந்த முதல் உண்மை அது.

"பேசட்டும். நான் பதில் சொல்றேன். நீ எறங்கு."

ஒரு படி இறங்கினேன். "ஓஓஓய்" என்றது பெட்டி. "ஓய்" என்றார் குப்பாயி, இயல்பாக. இன்னொரு படி. "சோறு இன்னும் வரல?" என்றது. "வருது, வருது" என்றார். மூன்றாம் படியில் அது இருமியது. குப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கால் தரையைத் தொட்டபோது என் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. பனியால் என்று கொள்ளவும்.

அம்மையார் தனியாகத் திரும்பி வந்தார். நான் ஓடிச்சென்று, "அம்மா, பன்றிகள் வந்தன. கருவி பேசியது. ஓடிவிட்டன" என்றேன்.

"யார் பாத்தாங்க?"

"நான் பார்த்தேன்."

"நீங்கதான பாய் வடக்கனந்தல்ல விசேஷம்னு சொன்னீங்க?"

அதற்குமேல் வாதாட இடமில்லை. ஆனால், அம்மையார் நல்லவர். சற்று யோசித்துவிட்டு, "பொய்ய நான் பதட்டம்னு எழுதிக்கிறேன். விதிப்படி வாரிசு சம்மதிச்சாலும் போதும். அவங்க மனைவி ஒரு கைநாட்டு வச்சா இப்பவும் பரிந்துரை செய்யலாம். நீங்க எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

குப்பாயி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் சொல்வதற்கு முன்பே சொன்னார்: "வேணாம்மா. அவரு கூப்புட்டா நாங்க பதில் சொல்லணும். சொல்லாம இருக்க முடியாது. எத்தினி நாளைக்கி சொல்றது? ஒருத்தருக்குப் பதில் சொல்றத எப்பனா நிறுத்தணும் இல்ல?"

அம்மையார் என்னைப் பார்த்தார். இப்போது நான் பேச வேண்டிய இடம். கிழங்கு மிச்சமாகும் என்று சொல்லலாம். பங்கு வரும் என்று சொல்லலாம். கடைவீதி முழுவதும் என்னை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்று காலில் விழுந்தும் கேட்கலாம். இசைய வைத்திருப்பேன், அந்தத் திறமை எனக்கு உண்டு. ஆனால், சற்றுமுன்பு என்னைப் படிப்படியாக இறக்கிவிட்டவர் அவர். நான் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். பெட்டி "யாரு?" என்றது. "நான்தான்" என்று சொல்லிவிட்டு, மெமரி கார்டை உருவிக் குப்பாயியின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இத்தினூண்டா?" என்று பார்த்தார். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டார்.

முடிவுக் கடிதம் இம்முறை விரைவாகவே வந்தது. "செயல்விளக்கத்தின்போது மேற்படி கருவி எதிர்பார்த்த விளைவை விலங்குகளின்மீது அன்றி, விண்ணப்பதாரரின்மீதே ஏற்படுத்தியது" என்று அதில் இருந்தது. தயார்நிலை மூன்று. நிதி இல்லை. ஆங்கில மூலத்தைத் தமிழில் பெயர்த்தவருக்கு நல்ல நடை; எழுத்துப்பிழையே இல்லை. ஒரு வாரம் கடைவீதியின் பின்சந்து வழியாகக் கடைக்குப் போனேன்.

ஆயினும் குப்பாயியின் கிழங்கைப் பன்றி தின்றுகொண்டிருந்தது. ஆகவே, உயிரோடுள்ள ஒருவரின் குரலைப் பதிவு செய்து பெட்டியை மீண்டும் கட்டுவதென்று முடிவு செய்தேன். எளிதில் கிடைத்த குரல் என்னுடையது. "யார் அங்கே? தயவுசெய்து அகலுங்கள்", "மேற்படி கிழங்கு தங்களுக்குரியதன்று என்பதை நினைவூட்டுகிறேன்" என்று நாற்பது வாக்கியங்கள் பேசினேன்.

"பன்னிக்கு நோட்டீசா?" என்றாள் ஜைத்தூன்.

முதல் மாதம் பன்றிகள் நின்று முழுவதும் கேட்டுவிட்டே போனதாகச் சடையன் சொன்னார். இப்போது கொஞ்சம் பயப்படுகின்றனவாம். சரிவில் எல்லாரும் என் குரலுக்குப் பதில் சொல்கிறார்கள். நான் இங்கே காயில் கட்டிக்கொண்டிருக்கும்போது, அங்கே பனிக்குள் யாரோ எனக்கு "ஓய்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் பிடரி மயிர் இன்றும் கூச்செறிகிறது.

புதிய விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். தயார்நிலை நான்கு என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில், திட்டம் எப்போது, எவ்வாறு நிறைவுறும் என்று கேட்டிருந்தார்கள். நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஜைத்தூன் சமையலறையிலிருந்தே சொன்னாள்: "நீங்க மௌத்தாகிக் கண்ண மூடுன அன்னிக்கே நிறுத்திடுவோம்னு எழுதுங்க. அந்தக் குப்பாயி அம்மா மாதிரி என்னால பதில் சொல்லிக்கினு இருக்க முடியாது."

அப்படியே எழுதினேன். விண்ணப்பத்தில் அந்தப் பத்திதான் தெளிவாக இருக்கிறது என்று அம்மையார் தொலைபேசியில் கூறினார். மற்றவை பரிசீலனையில் உள்ளன.

வீட்டில் மட்டும் பரிசீலனை முடிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான் கண்மூடிச் சற்று அதிக நேரம் அசையாமல் கிடந்தால், ஜைத்தூன் அடுப்படியிலிருந்து "ஓஓய்" என்று ஒரு குரல் கொடுப்பாள். மகனும் மருமகளும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். நான் உடனே பதில் சொல்லிவிட வேண்டும். ஒரு முறை குறும்புக்காகப் பேசாமல் இருந்து பார்த்தேன். மகன் செருப்பை மாட்டிக்கொண்டு, மலைக்குப் போய்ப் பெட்டியை அணைப்பதற்காக வண்டியைக் கிளப்பிவிட்டான்.